கைரேகை குரோஷியாவில், அக்கா சுவிஸில்

கேள்வி:

வணக்கம் ஐயா. நான் 22 வருடமாக பேர்ன் மாநிலத்தில் இருக்கிறேன், சுவிஸ் பிரஜை. என் தம்பிக்கு 31 வயது. ஊரில் இரண்டு முறை விசாரணைக்கென்று கொண்டுபோய் அடித்திருக்கிறார்கள். முதுகில் இன்னும் தழும்பு இருக்கிறது. துருக்கி, சேர்பியா, பொஸ்னியா என்று எட்டு மாதம் அலைந்து, குரோஷியாவில் பொலிஸிடம் பிடிபட்டு, பிறகு ஒருவழியாக இங்கே வந்து சேர்ந்து ஆறு கிழமை ஆகிறது. முகாமில் இருக்கிறான். விசாரணையில் ஏன் நாட்டைவிட்டு வந்தாய் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். குரோஷியாவில் உன் கைரேகை இருக்கிறது, அங்கே திரும்பிப் போக என்ன ஆட்சேபணை என்றுதான் கேட்டார்களாம். அவன் அங்கே அசூல் (புகலிடம்) கேட்கவேயில்லை. விரலைப் பிடித்து அழுத்தினார்கள், தெரியாத மொழியில் எதிலோ கையெழுத்து வாங்கினார்கள் என்கிறான். இரவில் தூங்குவதில்லை என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

கூடப்பிறந்த அக்கா நான் இங்கே இருக்கும்போது அவனை முன்பின் தெரியாத நாட்டுக்கு எப்படி அனுப்பலாம்? ஆறு மாதம் எங்கேயாவது ஒளித்து வைத்தால் சுவிஸ் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? இத்தனை நாடுகள் ஒன்றாக இருக்கின்றன, ஆளுக்குக் கொஞ்சப் பேரைப் பகிர்ந்து எடுத்தால் என்ன? அம்மா பருத்தித்துறையிலிருந்து தினமும் போன் எடுத்து “தம்பிக்கு காட் கிடைச்சுதோ” என்று வதிவிட அனுமதி அட்டையைப் பற்றிக் கேட்கிறா. அவவுக்கு என்ன சொல்வது?

ஒரு சகோதரி, பேர்ன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பியைக் குரோஷியாவுக்கு அனுப்பும் முடிவு வருவதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் அது இன்னும் வரவில்லை. வருவதற்குள் செய்ய வேண்டியவை சில உண்டு, அவற்றை இந்தக் கிழமையே தொடங்க வேண்டும். நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியதில், ஒரே வரியில் கடந்துபோன அந்தத் தூக்கமில்லாத இரவுகள்தான் சட்டக் கண்ணுக்குப் பெரிதாகப் படுகின்றன. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

ஏன் வந்தாய் என்று கேட்காதது அதிகாரியின் அலட்சியம் இல்லை. அந்தக் கேள்வியைச் சுவிஸ் கேட்க வேண்டுமா, குரோஷியா கேட்க வேண்டுமா என்பதைத் தீர்க்கத்தான் அந்தச் சந்திப்பு. இதைத்தான் நம்மவர்கள் “டப்ளின் கேஸ்” என்கிறார்கள். ஒருவருடைய புகலிடக் கோரிக்கையை ஒரு நாடுதான் விசாரிக்க வேண்டும், அது எந்த நாடு என்று முதலில் முடிவாக வேண்டும் என்பது அதன் சாரம். 1990இல் அயர்லாந்துத் தலைநகரில் கையெழுத்தான ஒப்பந்தம் அது. 1997இல் நடைமுறைக்கு வந்து, இருமுறை மாற்றி எழுதப்பட்டு, 2014 ஜனவரியில் மூன்றாவது வடிவம் எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிஸும் 2008 டிசம்பரிலிருந்து இதில் இருக்கிறது. நோர்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகியவையும் அப்படித்தான்.

எந்த நாடு என்று பார்க்க அந்தச் சட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது. பெற்றோர் துணையில்லாத சிறுவர்கள் முதலில். பிறகு குடும்பம். பிறகு யார் விசா கொடுத்தார்கள் என்பது. அதற்கும் பிறகு, எந்த நாட்டு எல்லை வழியாகக் களவாக உள்ளே வந்தார் என்பது. குடும்பம் இவ்வளவு மேலே இருக்கும்போது அக்கா ஏன் கணக்கில் வரவில்லை என்று கேட்பீர்கள். இங்கேதான் சட்டத்தின் சொல்லும் நம்முடைய சொல்லும் முட்டிக்கொள்கின்றன. டப்ளின் விதியில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். வளர்ந்த தம்பியும் வளர்ந்த அக்காவும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவதில்லை. உங்கள் தம்பி 17 வயதில் தனியாக வந்திருந்தால், நீங்கள் இங்கே இருப்பதே அநேகமாகப் போதுமாக இருந்திருக்கும். 31 வயதில் போதாது. (வயதைக் குறைத்துச் சொல்லச் சொல்லும், காசுக்கு ஆட்களைக் களவாகக் கூட்டிவரும் ஏஜென்சிக்காரர்கள் இந்த ஓட்டையைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். எலும்பும் பல்லும் பார்த்து வயதைக் கணிக்கிற இடத்தில் அது நிற்காது. அப்புறம் சொன்ன உண்மைகளையும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.)

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு உங்களுக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் போருக்கு அஞ்சி எழுந்து நடந்தபோது நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவன். விடிந்து தென்மராட்சிக்குள் கால் வைத்தபோது, வாசலில் நின்ற கிழவி கேட்ட முதல் கேள்வி “உங்கட ஆக்கள் ஆரும் இஞ்சால இருக்கினமோ?” என்பதுதான். இருக்கிறார்கள் என்றால் வழி சொல்லி விடுவார்கள். இல்லை என்றால் பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், இல்லாவிட்டால் அவவுடைய விறாந்தை. டப்ளினின் கேள்வி இதற்கு நேர்மாறு: முதலில் எந்த வீட்டு வேலியைத் தாண்டி வந்தாய்? அந்த வேலிக்காரனே உன்னைப் பார்க்கட்டும்.

நாடுகள் பகிர்ந்துகொண்டால் என்ன என்ற உங்கள் கேள்விக்கு இங்கிருந்துதான் பதில் தொடங்க வேண்டும். டப்ளினைப் பொறுப்புப் பகிர்வு என்று பலரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது பொறுப்பைப் பங்குபோடவில்லை, ஒருவர் தலையில் கட்டுகிறது. யார் ஆளை உள்ளே வரவிட்டாரோ அவரே பார்க்க வேண்டும் என்னும்போது, அகதியைப் பொறுப்பேற்பது எல்லையைச் சரியாகக் காக்காததற்கான தண்டனை போல ஆகிவிடுகிறது. கிரேக்கம், இத்தாலி, மால்டா, குரோஷியா எல்லாம் ஓரத்தில் இருக்கின்றன. கடலும் இல்லாமல், டப்ளின் நாடுகளே சுற்றி நிற்க நடுவில் இருக்கும் சுவிஸுக்குத் தரைவழியாக வருகிற எவரும் வேறொரு டப்ளின் நாட்டைத் தாண்டித்தான் வர முடியும். ஆகவே இந்த ஏற்பாட்டில் சுவிஸ் அனுப்புவது அதிகம், பெறுவது குறைவு. சட்டத்தரணியாக இதைச் சொல்லக் கொஞ்சம் கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

தண்டனையிலிருந்து தப்ப ஓர நாடுகள் என்ன செய்யும்? கைரேகை எடுத்தால் பொறுப்பு வரும். எடுக்காமலே திருப்பித் துரத்திவிட்டால் வராது. குரோஷிய எல்லைப் பொலிஸ் பொஸ்னியாவுக்கும் சேர்பியாவுக்கும் ஆட்களை இரவோடு இரவாகத் திருப்பித் தள்ளிய கதைகளை உங்கள் தம்பியே சொல்லக்கூடும். 2017 நவம்பரில் அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஆப்கானியக் குடும்பத்தின் ஆறு வயதுச் சிறுமி, தண்டவாளத்தில் ரயில் மோதி இறந்தாள். ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2021 நவம்பரில் அந்த வழக்கில் குரோஷியாவைக் குற்றவாளியாகக் கண்டது. பொலிஸைத் திட்டுவது சுலபம். அவர்களுக்கு அந்த வேலையைக் கொடுத்த கணக்கை எழுதியது ஐரோப்பா முழுவதும் சேர்ந்து.

பகிர்ந்து பார்க்க முயன்றதே இல்லையா என்றால், முயன்றார்கள். 2015 செப்டெம்பரில், இத்தாலியிலும் கிரேக்கத்திலும் நிறைந்துபோன 1,60,000 பேரை மற்ற நாடுகளுக்குப் பிரித்து அனுப்ப ஒன்றியம் முடிவெடுத்தது. முடிவில் ஏறத்தாழ 35,000 பேர்தான் இடம் மாறினார்கள். ஹங்கேரியும் போலந்தும் ஒருவரையும் எடுக்கவில்லை, செக் குடியரசு பெயருக்குச் சிலரை எடுத்தது. இந்த மூன்றும் கடமை தவறின என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 2020 ஏப்ரல் ஆகிவிட்டது. திட்டமே முடிந்து, எடுக்க வேண்டிய ஆட்கள் எங்கெங்கோ சிதறிய பிறகு வந்த தீர்ப்பு.

இப்போது 2024இல் நிறைவேற்றிய புதிய ஒப்பந்தத்தில் பகிர்வு கட்டாயம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆண்டுக்குக் குறைந்தது 30,000 பேரை இடம் மாற்ற வேண்டும், அல்லது பணமாகக் கொடுக்கலாம். ஒரு ஆளுக்கு 20,000 யூரோ என்று ஒரு கணக்கு. ஆளை எடுக்க விருப்பமில்லாதவர் காசைக் கட்டிவிட்டு ஒதுங்கலாம் என்பதைப் பகிர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஒன்றுமில்லாததற்கு இது பரவாயில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். முதலில் நுழைந்த நாடே பொறுப்பு என்ற அடித்தளம் அப்படியே இருக்கிறது. களவாக நுழைந்தவருக்கு அந்த நாட்டின் பொறுப்பு 12 மாதத்தில் முடியும் என்றிருந்ததை 20 மாதமாக நீட்டியும் இருக்கிறார்கள். இது 2026 நடுப்பகுதியிலிருந்து நடைமுறை என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றிய உறுப்பு நாடல்லாத சுவிஸைப் பகிர்வுப் பகுதி கட்டுப்படுத்தாது, விரும்பினால் சேரலாம். தம்பியின் கோரிக்கை பழைய விதிகள் நடைமுறையில் இருக்கும்போதே பதிவாகியிருப்பதால் அவருக்குப் பழைய கணக்குத்தான்.

நம் பக்கத்தில் அயல்நாடுகள் எப்படி என்று யாராவது கேட்டால் சொல்ல இன்னும் குறைவு. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியாவும் கையெழுத்திடவில்லை, இலங்கையும் இல்லை. 1983இலிருந்து தமிழ்நாட்டில் மண்டபம் என்ற ஊரில் இறங்கிய நம்மவர்களை இந்தியா ஏற்றது உண்மை. அது சட்டத்தால் கிடைத்த உரிமை இல்லை, அந்தந்த அரசின் மனம்போல் கிடைத்தது. முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கும் இன்னும் அங்கே குடியுரிமை இல்லை. ஐரோப்பாவில் சண்டை பிடிக்கவாவது எழுதிய விதி ஒன்று இருக்கிறது.

சரி, உங்கள் தம்பிக்கு வருவோம்.

முதல் வேலை, கைரேகைப் பதிவின் எண்ணைப் பார்ப்பது. யூரோடாக் என்ற பொதுக் கணினிக் களஞ்சியத்தில் புகலிடம் கேட்டவர்கள், களவாக எல்லை தாண்டிப் பிடிபட்டவர்கள் ஆகியோரின் விரல் அடையாளங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாட்டின் குறியீட்டு எழுத்துகளும் அடுத்து ஒரு இலக்கமும் வரும். குரோஷியாவுக்கு எச்ஆர். அதன் பின்னால் 1 என்று இருந்தால் அங்கே புகலிடம் கேட்டவராகப் பதிந்திருக்கிறார்கள். 2 என்று இருந்தால் களவாக எல்லை தாண்டிப் பிடிபட்டவராக மட்டும். தெரியாத மொழியில் கையெழுத்து வாங்கினார்கள் என்று தம்பி சொல்வதைப் பார்த்தால் அநேகமாக 1 ஆகத்தான் இருக்கும். அங்கே அப்படிப் பதிவது வழக்கம்.

நான் அசூல் கேட்கவில்லை என்று இங்கே மன்றாடுவதில் பெரிய பலன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2 என்று இருந்தாலும், நுழைந்து 12 மாதம் ஆகாததால் பொறுப்பு குரோஷியாவுக்கே போகும். வேறுபாடு கால எல்லைகளில்தான். கைரேகை ஒத்துப்போனது தெரிந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் சுவிஸ் குரோஷியாவுக்கு எழுதியாக வேண்டும். குரோஷியா 1 என்றால் இரண்டு கிழமைக்குள்ளும், 2 என்றால் இரண்டு மாதத்துக்குள்ளும் பதில் சொல்ல வேண்டும். பதிலே வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. சுவிஸ் தன் கெடுவைத் தவறவிட்டால் பொறுப்பு சுவிஸுக்கே வந்துவிடும். அரிதாகத்தான் தவறும், ஆனால் திகதிகளைப் பார்க்காமல் விட்டால் தவறியதும் தெரியாமலே போகும். முகாமில் தம்பிக்கென்று இலவசச் சட்டப் பிரதிநிதி ஒருவர் இருப்பார். 2019 மார்ச்சிலிருந்து அது சட்டப்படி கிடைக்கும் உரிமை. கோப்பில் இந்த எண்ணையும் திகதிகளையும் பார்த்துச் சொல்லும்படி தம்பி அவரிடம் கேட்கட்டும். நீங்கள் நேரடியாகக் கேட்டால் சொல்லமாட்டார்கள். தம்பி எழுதிக் கொடுத்தால் உங்களோடும் பேசுவார்கள்.

இரண்டாவது, நான் ஒத்திவைத்த விஷயம். டப்ளின் விதியின் 16ஆம் பிரிவு கடும் நோய், பெரிய ஊனம், முதுமை, கர்ப்பம் போன்ற நிலைகளைப் பற்றியது. இப்படி ஒரு நிலையில் ஒருவர், சட்டப்படி அங்கே வசிக்கிற தன் பிள்ளை, பெற்றோர் அல்லது கூடப்பிறந்தவரின் உதவியை நம்பி இருந்தால் அவர்களைச் சேர்த்தே வைக்க வேண்டும் என்கிறது. கவனியுங்கள், கூடப்பிறந்தவர் என்ற சொல் கடைசியில் இங்கே வருகிறது. குடும்பம் என்ற வாசலில் நுழைய முடியாத அக்காவுக்குத் திறந்திருக்கும் ஒரே பக்கக் கதவு இது. உறவு ஊரிலிருந்தே இருந்திருக்க வேண்டும், பார்த்துக்கொள்ள உங்களால் முடிய வேண்டும், இருவரும் எழுத்தில் விருப்பம் தெரிவிக்க வேண்டும். இந்த மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. இல்லாதது நோய்க்கான அத்தாட்சி.

தம்பி தூங்குவதில்லை என்பது இன்று வெறும் பேச்சு. முகாமின் தாதியிடம் அவர் வாய் திறந்து சொன்னால் பதிவாகும். அங்கிருந்து மனநல வைத்தியரிடம் அனுப்பினால் அறிக்கையாகும். நம் ஆண்கள் இதில் மிக மோசம். “எல்லாம் ஓகே” என்று சிரித்துவிட்டு வருவார்கள். அந்த ஓகே அப்படியே கோப்பில் ஏறிவிடும், பிறகு நீதிபதி அதைத்தான் மேற்கோள் காட்டுவார். தழும்பு இருப்பதையும், அது எப்படி வந்தது என்பதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் வேறொருவரைக் கேட்கலாம், தொலைபேசி வழியாகவும் கேட்கலாம். ஊர்க்காரர் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவாரோ என்ற பயத்தில் வாய் மூடிக்கொண்ட எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

அறிக்கையில் மன அழுத்தம் உண்டு என்று இருந்தால் மட்டும் போதாது. முகாமில் இருக்கிற பாதிப் பேருக்கு அது உண்டு. அக்கா இல்லாவிட்டால் அவருக்கு எது முடியாது என்று இருக்க வேண்டும். மருந்தை நினைவூட்டுவது யார், இரவில் பயந்து எழும்போது அவர் யாருக்குப் போன் எடுக்கிறார், உங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போகும் நாட்களில் தூக்கம் எப்படி இருக்கிறது. வைத்தியர் இப்படியான விவரங்களை எழுதினால் அதற்குக் கனம் உண்டு. நீங்களும் ஒரு பக்கக் கடிதம் ஜேர்மன் மொழியில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டுச் சட்டப் பிரதிநிதியிடம் கொடுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் அவருக்கு அறை இருக்கிறதா, வேலை நேரம் என்ன, பகலில் யார் இருப்பார்கள் என்று எழுதினால் போதும்.

16ஆம் பிரிவில் இந்த நாட்டு நீதிமன்றம் கண்டிப்பானது, சும்மா திறக்காது. அது மூடினாலும் 17ஆம் பிரிவு இருக்கிறது. எந்த நாடும், தன் பொறுப்பு இல்லாவிட்டாலும், தானாக விரும்பி ஒரு கோரிக்கையை எடுத்து விசாரிக்கலாம். மனிதாபிமானக் காரணங்களுக்காக அப்படி எடுக்கலாம் என்று சுவிஸ் புகலிட விதிகளிலும் இருக்கிறது. இதைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு இல்லை, அவர்கள் விருப்பம். ஆனால் அந்த விருப்பத்துக்கும் காகிதம் வேண்டும், அதே வைத்திய அறிக்கைதான்.

குரோஷியா பாதுகாப்பான நாடே இல்லை என்று வாதாடலாமா என்று சிலர் கேட்பார்கள். 2011 ஜனவரியில், பெல்ஜியம் ஒரு ஆப்கானியரைக் கிரேக்கத்துக்கு அனுப்பியது தவறு என்று ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, கிரேக்கத்துக்கு அனுப்புவது பல வருடம் நின்றே போனது. 2014இல் இதே சுவிஸுக்கு எதிராக ஒரு தீர்ப்பு வந்தது. ஆறு பிள்ளைகளோடு இருந்த குடும்பத்தை இத்தாலிக்கு அனுப்புமுன், அவர்களை எங்கே எப்படித் தங்கவைப்பார்கள் என்று தனியாக உறுதி வாங்க வேண்டும் என்றது. ஆகவே அந்தக் கதவும் இருக்கிறது. ஆனால் குரோஷியா பற்றி சென் காலன் நகரிலுள்ள சுவிஸ் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2023 மார்ச்சில் தன் நிலையைச் சொல்லிவிட்டது. எல்லையில் துரத்துவது நடக்கிறது, ஆனால் டப்ளின் வழியாக விமானத்தில் குரோஷியத் தலைநகர் சாக்ரெப் போய் இறங்குகிறவருக்கு அது நடப்பதாகத் தெரியவில்லை, எனவே பொதுவாக அனுப்பலாம் என்பது அதன் நிலை. தனி ஆளின் நிலையைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. மறுபடியும் வைத்திய அறிக்கையில்தான் வந்து நிற்கிறோம்.

முடிவு பாதகமாக வந்தால் மேன்முறையீட்டுக்கு ஐந்து வேலை நாள்தான். புகலிட வழக்குகளில் இதுதான் மிகக் குறுகிய கெடு. முடிவு முதலில் சட்டப் பிரதிநிதியின் கைக்குத்தான் போகும், நாள் எண்ணுவதும் அன்றிலிருந்துதான். இதில் ஒரு பொறி இருக்கிறது. வழக்கில் வெல்ல வாய்ப்பில்லை என்று பிரதிநிதி கருதினால், தன் பொறுப்பை அத்தோடு முடித்துக்கொள்ள அவருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படி நடந்தால் அந்த ஐந்து நாளுக்குள்ளேயே நீங்கள் வேறொருவரைத் தேட வேண்டும். அதனால் இப்போதே ஒரு புகலிடச் சட்ட ஆலோசனை நிலையத்தோடு பேசி வைத்துவிடுங்கள். மேன்முறையீடு போட்டாலும் அனுப்பும் நடவடிக்கை தானாக நிற்காது. நிறுத்தி வைக்கும்படி அதே மனுவில் தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்து ஒளித்து வைக்கும் யோசனை. உங்களுக்குச் சொன்னவர்கள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் அறிந்திருக்கிறார்கள். பொறுப்பான நாடு ஒப்புக்கொண்டதிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆளை அனுப்பாவிட்டால் பொறுப்பு இங்கே வந்துவிடும் என்பது உண்மை. 2022 டிசம்பரில் இத்தாலி, இனி டப்ளின் ஆட்களை எடுக்கமாட்டோம் என்று அறிவித்துக் கையை விரித்தது. இத்தாலிக் கைரேகையோடு இங்கே இருந்த பலருக்கு ஆறு மாதம் இப்படித்தான் கழிந்து வழக்கு சுவிஸுக்கு வந்தது. உங்கள் நண்பர்கள் அதைத்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த விலாசத்தில், அழைத்தால் வரக்கூடிய இடத்தில் இருந்தவர்கள். தலைமறைவானவருக்கு ஆறு மாதம் 18 மாதமாகிவிடும். அதோடு, காரணமின்றி 20 நாளுக்கு மேல், மத்திய அரசின் முகாமில் இருப்பவர் 5 நாளுக்கு மேல், தொடர்பில்லாமல் போனால் சுவிஸ் சட்டப்படி கோரிக்கையே கைவிடப்பட்டதாகக் கொள்வார்கள். மூன்று வருடத்துக்குப் புதிதாகக் கேட்கவும் முடியாது. குரோஷியா இத்தாலியைப் போலக் கதவைச் சாத்தவும் இல்லை. எல்லாவற்றையும்விட, ஒளிந்திருக்கிற ஆளை எந்த வைத்தியரிடம் கூட்டிப்போவீர்கள்? கையிலிருக்கும் ஒரே வாதத்தையும் நீங்களே எரித்துவிடுவீர்கள்.

எல்லாம் செய்தும் அனுப்பிவிட்டால்? இந்தப் பகுதியைப் பலர் வாசிக்கமாட்டார்கள். நீங்கள் வாசியுங்கள். குரோஷியாவில் அவருடைய வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை. அடித்தது, விசாரித்தது, தழும்பு எல்லாம் முதல் முறையாக அங்கேதான் கேட்கப்படும். அங்கிருந்து வந்துவிட்டதால் பழைய பதிவை மூடியிருந்தாலும், விசாரணையை முடித்துத் தரும்படியோ புதிதாகவோ கேட்கும் உரிமையை டப்ளின் விதியே கொடுத்திருக்கிறது. அதற்கு அவர் சாக்ரெப்பில் இறங்கியதும் புகலிடம் கேட்கிறேன் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பேசாமல் நின்றால் வேறு வரிசையில் விட்டுவிடுவார்கள். நகரின் ஓரத்தில் பழைய ஹோட்டல் ஒன்றை முகாமாக்கியிருக்கிறார்கள், பெயர் போரின். அநேகமாக அங்கேதான் இருக்கும் இடம்.

இலங்கைத் தமிழரின் வழக்குகளைச் சுவிஸ் அதிகாரிகள் நாற்பது வருடமாகப் பார்க்கிறார்கள். குரோஷியர்கள் பார்த்தது மிகக் குறைவு. அதனால் அவர் கொண்டுபோகும் காகிதங்கள்தான் அங்கே பேசும். இங்கே எடுத்த வைத்திய அறிக்கைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள். ஊரிலிருந்து பொலிஸ் துண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கிராம சேவகர் கடிதம் என்று இருப்பதை இப்போதே வரவழையுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று அவர் போனில், ஒன்று பையில். நடந்ததைத் திகதி வாரியாக அவரையே தமிழில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அங்கே கேட்கும்போது மாற்றிச் சொல்லாமல் இருக்க அது உதவும். உங்களிடம் சுவிஸ் பாஸ்போர்ட் இருக்கிறது. சாக்ரெப்புக்கு நீங்கள் போய் வர யாரும் தடுக்க முடியாது. முதல் கிழமையிலேயே ஒரு முறை போய் வாருங்கள்.

அனுப்பிய கையோடு திரும்பிக் கூட்டிவர ஒருவர் முன்வருவார். பணமும் கேட்பார். வந்தால் மறுபடி அதே கைரேகை, அதே டப்ளின், இந்த முறை உங்கள் பேச்சை நம்ப ஒருவரும் இல்லாமல்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். சட்டத்தரணியிடம் கேட்கிற கேள்வி இல்லைதான், ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். காட் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பருத்தித்துறையில் அடுத்த நாளே சந்தை முழுவதும் தெரிந்துவிடும், பிறகு அதைக் காப்பாற்றத் தம்பியும் பொய் சொல்ல வேண்டிவரும். முடிவு இன்னும் வரவில்லை, தம்பி வைத்தியரைப் பார்க்கப் போகிறான் என்று சொல்லுங்கள். இந்தத் திங்கட்கிழமை அவரை முகாம் தாதியிடம் போகவைத்தால் அது உண்மையாகவும் இருக்கும்.